எங்கள் காலத்துக்குப் பிறகு தம்பிக்கு யார்? கும்பகோணத்து எதிர்காலத் திட்ட ஆலோசனைச் சேவை பற்றி ஓர் அக்காவின் மதிப்பீடு

என் தம்பிக்கு 41 வயது. பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு உண்டு. 13 வயதில் வலிப்பும் சேர்ந்துகொண்டது. பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டிக் கரையோரக் கிராமம் ஒன்றில் அப்பா அம்மாவுடன் இருக்கிறான். அப்பா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 76. அம்மாவுக்கு 70. அண்ணன் குடும்பத்தோடு திருப்பூரில் இருக்கிறார். நான் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்காகக் கும்பகோணத்தில் இயங்கும் ஒரு சிறிய ஆலோசனைச் சேவையைக் கடந்த ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். மாற்றுத்திறனாளி ஒருவர் தம் பெற்றோரின் காலத்துக்குப் பிறகு எங்கே இருப்பார், யார் உடனிருப்பார், செலவுக்கு என்ன வழி, அவருக்காக யார் கையெழுத்திடுவது என்பவற்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, எழுதி, பதிவு செய்ய வேண்டியதைப் பதிவு செய்துகொள்ள உதவுவதுதான் இவர்கள் வேலை. இங்கே போகலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும்படி நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழாமல் இல்லை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போய்க் கிளம்பும்போதெல்லாம் அம்மா வாசல்வரை வந்து, "எங்க காலத்துக்கு அப்புறம் தம்பிய நீதாம்மா பாத்துக்கணும்" என்பார். "நான் பாக்காம வேற யாரும்மா பாப்பா" என்று நானும் சொல்வேன். இருபது வருடங்களாக எங்களிடம் இருந்த ஏற்பாடு அவ்வளவுதான். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஐப்பசி அடைமழையில், அம்மா கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்றிரவு தம்பிக்கு மாத்திரை கொடுக்க நான் அலமாரியைத் திறந்தபோது மூன்று விதமான அட்டைகள் இருந்தன. எதில் எத்தனை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, இரவுக்கு அரையா முழுதா என்பதெல்லாம் அம்மாவின் நினைவில் மட்டுமே இருந்தது. மருந்துச் சீட்டு பழையது. அதற்குப் பிறகு அளவு மாறியிருந்தது. அப்பாவுக்கும் தெரியவில்லை, மயக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்கவும் வழியில்லை. விடியற்காலையில் தம்பிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வலிப்பு வந்தது. அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த நிமிடங்களில்தான், "நான் பாத்துக்கறேன்" என்று இத்தனை வருடம் சொல்லி வந்தவளுக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்பது புரிந்தது.

அம்மா தேறி, கைத்தடி பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு, தம்பி சிறுவயதில் படித்த சிறப்புப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் இந்தச் சேவையைப் பற்றிச் சொன்னார். முதல் ஒரு மணி நேரப் பேச்சுக்குக் கட்டணம் இல்லை. முழுத் திட்டத்துக்கும் சேர்த்து எங்களிடம் 7,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்று தவணையாகக் கட்டினோம். உதவித்தொகையை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்களிடம் வாங்குவதில்லை என்று அங்கே சந்தித்த ஒரு தாயார் சொன்னார். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், ஆடிட்டருக்குக் கொடுப்பது எல்லாம் தனி. சமூகப் பணி படித்த அம்மையார் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும்தான் பொறுப்பில் இருக்கிறார்கள். ஐந்து அமர்வுகள் என்று சொன்னார்கள். எங்களுக்கு ஏழு தேவைப்பட்டன.

முதல் அமர்வைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. பத்திரம், பட்டா, ஆதார் அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்பா தயாராக வைத்திருந்தார். அந்த அம்மையார் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தூணோரம் நின்றிருந்த தம்பியிடம் போய், "உக்காந்து பேசலாமா? காலையில எந்திரிச்சதும் நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார். தம்பி பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். பெரியவர்கள் "வாடா போடா" என்றும், அவனைவிட இருபது வயது இளைய பிள்ளைகள் "நீ, வா, போ" என்றும் கூப்பிட்டுத்தான் அவனுக்குப் பழக்கம். எனக்குத் தெரிந்து அவனை யாரும் "நீங்க" என்று அழைத்ததே இல்லை, நானும் அழைத்ததில்லை. அவர் மறுபடி அதே கேள்வியை, அதே மரியாதையோடு, இன்னும் மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நாங்கள் பதில் எடுத்துக் கொடுக்க முயன்றபோது கையால் தடுத்தார். சற்று நேரம் கழித்துத் தம்பி, "மாட்டுக்குத் தண்ணி. அப்புறம் காப்பி. அப்புறம் வெத்தல" என்றான்.

வெற்றிலை என்று அவன் சொன்னது, பக்கத்துத் தெருக்காரரின் கொடிக்காலில் அவன் செய்யும் வேலை. எங்கள் பக்கம் வெற்றிலைச் சாகுபடி உண்டு. பறித்த இலைகளைத் தரம் பார்த்து, காம்பு ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, நூறு இலைக்கு ஒரு கவுளி என்று கட்டுவார்கள். தம்பிக்கு நூறு வரை எண்ண வராது. பத்து வரை தவறாமல் வரும். பத்து இலை அடுக்கி, அடுத்த பத்தைக் குறுக்காக வைத்து, அப்படிப் பத்து அடுக்கு சேர்ந்ததும் கைதட்டிக் கூப்பிடுவான். பதினைந்து வருடங்களாக இப்படித்தான் செய்கிறான். அவன் கட்டிய கவுளியை யாரும் திரும்ப எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மையார் எங்களோடு கொடிக்காலுக்கு வந்து, அரை மணி நேரம் அருகில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கொடிக்காலின் உரிமையாளரிடம், "இவருக்கு என்னங்க கூலி?" என்று கேட்டார். அந்த மனிதர் நல்லவர், தம்பியைச் சொந்தப் பிள்ளைபோல நடத்துகிறவர், தலையைக் குனிந்துகொண்டார். காப்பியும் வடையும் கொடுத்து வந்தார்கள். தீபாவளிக்கு ஒரு வேட்டி. அதைக் கூலி என்று நாங்களும் கேட்டதில்லை. வீட்டில் சும்மா இருக்காமல் ஒரு இடத்தில் பொழுது போகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றே கவுளிக்கு இவ்வளவு என்று பேசி முடிவாயிற்று. சனிக்கிழமை தோறும் அவன் கையிலேயே தருகிறார்கள். திட்டத்தின் முதல் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில், நாங்கள் இதுவரை எல்லாப் படிவத்திலும் போட்டுவந்த கோட்டுக்குப் பதிலாக, "வெற்றிலை அடுக்குதல்" என்று எழுதியிருக்கிறது.

இரண்டாவது அமர்வில் மஞ்சள் பையைத் திறந்தார்கள். அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மாவின் பெயர் மட்டும் இருந்தது. நிரந்தரக் குறைபாட்டால் சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு, பெற்றோர் இருவரின் காலத்துக்குப் பிறகும் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பதும், அந்தப் பிள்ளையின் பெயரை ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே ஆணையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பா வேலை பார்த்த காலத்தில் எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தம்பியின் ஊனச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை, வயதுச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பித்து, சில மாதங்களில் பெயர் சேர்ந்துவிட்டது. இந்த ஒரு காரியத்துக்காகவே நான் அவர்களுக்கு வாழ்நாள் கடன்பட்டிருக்கிறேன். அரசுப் பணியிலோ ரயில்வேயிலோ இருந்து ஓய்வு பெற்ற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், வேறு எதைச் செய்யாவிட்டாலும் இன்று மாலை உங்கள் ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் தம்பிக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் அவனை இவர்கள்தான் சேர்த்தார்கள். ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வரை உண்டு, சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்து விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய என்று சொல்லி, எங்கள் நாட்காட்டியில் மார்ச் மாதத் தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தார்கள்.

சட்டப்படியான பாதுகாவலர் விஷயம் எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், அவர் எந்த நிலையில் இருந்தாலும், பெற்றோர் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர் அல்லர். அதன்படி 23 ஆண்டுகளாகத் தம்பிக்காக அப்பா போட்ட கையெழுத்துகளுக்கெல்லாம் யாரும் கேள்வி கேட்காததுதான் எங்கள் அதிர்ஷ்டம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர் நிலைக் குழுவே பாதுகாவலரை நியமிக்கிறது. ஆட்சியர் தலைவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினர்கள். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. இந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன் நகலை வழக்கறிஞர் எங்கள் கோப்பில் வைத்துக் கொடுத்தது வங்கியில் உண்மையாகவே கைகொடுத்தது.

விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. குழு முன்பு தம்பி வர வேண்டியிருக்கும், புது இடம், புது மனிதர்கள், அவன் பயப்படுவான் என்பதால், ஒரு வாரம் முன்னதாகவே அவனை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை சும்மா அழைத்துப் போய், வராந்தாவில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துத் திரும்ப அழைத்து வரச் சொன்னார்கள். அன்று அவன் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தான். குழு கூடிய நாளில் உள்ளே போனதும் நேராக அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தான். அக்காவுடன் இருக்கச் சம்மதமா என்று கேட்டதற்கு, "அக்கா, மாடு ரெண்டும்" என்று பதில் சொன்னான். இப்போது அப்பாவும் அம்மாவும் பாதுகாவலர்கள். அவர்களுக்குப் பின் நான் என்று எங்கள் குடும்ப ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். என் காலம் வரும்போது நான் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், இன்றே எழுதிவைத்தது தானாக நியமனம் ஆகிவிடாது என்பதையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். நியமிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் ஆண்டுக் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. அப்பாவுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "எம் புள்ளைக்குச் செலவு பண்ணதுக்கு நான் யாருக்குக் கணக்குக் காட்டணும்?" என்று கேட்டார். வழக்கறிஞர், "உங்களுக்காக இல்லீங்கய்யா, உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்காக" என்றார். அப்பா அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போய் நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வந்தார்.

நிலத்துக்கு வருகிறேன். டெல்டாவில் எந்தக் குடும்பத்தின் திட்டமும் நிலத்தில் வந்துதான் முட்டிக்கொண்டு நிற்கும். எங்களுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நஞ்சை. அதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பட்டா இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. தாத்தா உயில் எழுதாமல் 1994-இல் இறந்தார். அது அவர் சம்பாதித்த நிலம். ஆகவே அத்தைகள் இருவருக்கும் அப்பாவுக்குச் சமமான பங்கு உண்டு. அப்பா தம்பிக்கென்று எழுதிவைக்க நினைத்த ஆறு மாவில் இரண்டு மாதான் அப்பாவுடையது என்று வழக்கறிஞர் தாளில் கோடு போட்டுக் காட்டியபோது திண்ணையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நல்லவேளையாக அத்தைகள் இருவரும் உயிரோடும் மனத்தாங்கல் இல்லாமலும் இருக்கிறார்கள். வாரிசுச் சான்று வாங்கி, அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பட்டா அப்பாவின் பெயருக்கு மாறிய பிறகே உயிலுக்குப் போனோம். சின்ன அத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு வந்து, "என் மருமவனுக்குத்தானே" என்று தம்பியின் கன்னத்தைத் தடவினார். பத்து வருடம் தள்ளிப்போட்டிருந்தால் அத்தைகளின் பிள்ளைகள் எட்டுப் பேரிடமும் கையெழுத்துக்கு அலைந்திருக்க வேண்டும்.

உயிலில் வீடும் நிலமும் அம்மாவுக்குப் பின் தம்பிக்கு ஆயுள் பாத்தியமாகவும், அவன் காலத்துக்குப் பிறகு அண்ணனுக்கும் எனக்கும் சமபங்காகவும் எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் என் பெயருக்கே எழுதிவிட்டு, தம்பியை நான் பார்த்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம் என்பதே அம்மாவின் விருப்பமாக இருந்தது. அம்மையார் அம்மாவிடம் தனியாகப் பேசினார். மகளை நம்பாததால் சொல்லவில்லை. மகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் சொத்து மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும், அவர்கள் மீது தம்பிக்கு எந்தப் பிடியும் இருக்காது என்று விளக்கினார். குறைபாடு உள்ளவர் என்பதால் ஒருவருக்கு வாரிசுரிமை இல்லாமல் போகாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தோம். "அவனுக்கு எதுக்கு எழுதிக்கிட்டு" என்று ஊரில் சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அறக்கட்டளை வைக்கலாமா என்று நாங்கள் கேட்டோம். 1882-ஆம் ஆண்டின் இந்தியன் டிரஸ்ட் சட்டப்படி தனி டிரஸ்ட் ஏற்படுத்தலாம். உடன்பிறந்தவர் இல்லாத, சொத்து அதிகமுள்ள குடும்பத்துக்கு அதுவே நல்லது. ஆனால் ஆண்டுதோறும் கணக்கு, வரி, டிரஸ்டிகளைத் தேடுவது என்று பாரம் உண்டு. இரண்டு ஏக்கர் குத்தகைக்கும் ஒரு குடும்ப ஓய்வூதியத்துக்கும் அது தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். டிரஸ்ட் பத்திரம் எழுதினால் அவர்களுக்குக் கூடுதல் கட்டணம் கிடைத்திருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அலுவலகம் மாடியில் இருக்கிறது. குறுகலான படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், சாய்தளம் இல்லை, மின்தூக்கி இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் இப்படி இருக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணின் தகப்பனார் கீழே தெருவில் நின்று பேசிவிட்டுப் போனதை நானே பார்த்தேன். வீட்டுக்கு வந்து பேசுகிறோம் என்கிறார்கள், வருகிறார்கள்; ஆனாலும் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டியவர்கள் என்று ஆகிவிடுகிறது. சொன்னேன், இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஓராண்டாகியும் அதே மாடிதான்.

முதல் வரைவு ஆங்கிலத்தில் வந்தது. அப்பாவாலும் அம்மாவாலும் படிக்க முடியாத ஒரு திட்டத்தில் அவர்கள் எப்படிக் கையெழுத்திடுவது? கேட்டபிறகு தமிழில் கொடுத்தார்கள், நல்ல தமிழில்தான் கொடுத்தார்கள். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும்.

வருமானக் கணக்கில் ஒரு பிழை. மாவுக்கு இத்தனை மூட்டை என்று பேசிய குத்தகையைக் குறுவைக்கும் சம்பாவுக்கும் இரண்டு போகமாகப் பெருக்கி, அதை ஆண்டுதோறும் வரும் நிலையான வருமானமாகப் போட்டிருந்தார்கள். அப்பா அந்தத் தாளைப் பார்த்ததும், "மேட்டூர் தொறந்தாத்தானேம்மா குறுவை" என்றார். 2024-இல் வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை 28-இல் திறந்தார்கள். எங்கள் குத்தகைக்காரர் அந்த ஆண்டு குறுவை வைக்கவே இல்லை. மழையில் முழுகிய ஆண்டுகளும் உண்டு. சம்பாவை மட்டும் வருமானமாகவும், குறுவை வந்தால் அதைச் சேமிப்பாகவும் கணக்கை மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். டெல்டாக் குடும்பங்கள் தங்கள் கணக்கை இந்த இடத்தில் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது அண்ணனை அவர்கள் தொடக்கத்திலேயே அழைக்காதது. உடனிருப்பவர்களோடு பேசினால் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது அமர்வு முடிந்த பிறகு, ஊர்க்காரர் ஒருவர் மூலம் பத்திரம் எழுதுகிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல, இல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மூன்று வாரம் பேசவில்லை. நிலத்தை நான் வளைத்துக்கொள்கிறேன் என்று அண்ணியின் வீட்டில் பேச்சு. பிறகு அம்மையார் தாமே திருப்பூருக்குக் காணொளியில் அழைத்து, தம் தவறு என்று மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். ஆறாவது அமர்வுக்கு அண்ணன் நேரில் வந்தார். மாதம் ஒரு தொகை தம்பியின் கணக்கில் போடுவதாகவும், ஆண்டுக்கு இரண்டு வாரம் தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகவும் அவரே சொல்லி எழுதச் சொன்னார். அந்த மூன்று வாரம் எங்களுக்கு வராமல் இருந்திருக்கலாம். இங்கே போகிறவர்கள் முதல் நாளிலேயே எல்லா உடன்பிறந்தவர்களும் இருக்க வேண்டும் என்று நீங்களே வற்புறுத்துங்கள்.

மனநோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு இவர்கள் அவ்வளவாக உதவ முடியவில்லை. எங்கள் தெருவில் மனச்சிதைவு நோய் உள்ள பெண்ணின் தாயாரை நான் அழைத்துப் போனேன். தேசிய அறக்கட்டளைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பெண்ணே, தெளிவாக இருக்கும்போது, தனக்கு எந்த வகைச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டி எழுதிவைக்கலாம் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் அதை எழுதிக் கொடுக்கும் அனுபவம் தங்களுக்கு இல்லை என்று வேறிடம் அனுப்பிவிட்டார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்யாதது நல்லதுதான் என்றாலும், அந்தத் தாயார் வெறுங்கையோடு பேருந்து ஏறியதைப் பார்க்க மனம் கஷ்டப்பட்டது.

என்னாலும் அண்ணனாலும் முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியையும் அவர்கள் விடவில்லை. விடுதி, ஹோம் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு உடம்பு நடுங்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்த செய்தியை அவர் பேப்பரில் படித்திருக்கிறார்; அன்றிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். அம்மையார் வாதாடவில்லை. மூன்று இல்லங்களுக்கு, அங்கே இருப்பவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல், அம்மாவையும் என்னையும் அழைத்துப் போனார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்கிறதா, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், மாத்திரை யார் பொறுப்பில் என்று என்னைக் கேட்கச் சொன்னார். அம்மா எதையும் கேட்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை மட்டும் தொட்டுப் பார்த்தார். இரண்டில் வெளியே இருந்தது. மூன்றாவதில் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. உள்ளே இருந்தவர் எழுந்து வந்து தானே திறந்தார். அந்த இல்லத்தின் பெயரைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ள அம்மா சம்மதித்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் எழுதவைத்த ஒரு நோட்டுப் புத்தகம்தான் என் கையில் எப்போதும் இருக்கிறது. அதில் சட்டம் ஏதும் இல்லை. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 34 பக்கம் வந்தது. மாத்திரை எது, எத்தனை மணிக்கு, எவ்வளவு; வலிப்பு வருவதற்கு முன் வலது கையால் சட்டைப் பொத்தானைத் திருகுவான்; ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்; வெடிச்சத்தம் கேட்டால் நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்வான், இழுக்கக் கூடாது, அருகில் போய் உட்கார்ந்தால் போதும்; ரசத்தில் தக்காளித் தோல் கிடந்தால் சாப்பிடமாட்டான்; காப்பி அவனுடைய பித்தளை டம்ளரில் மட்டும். அம்மா அதைச் சொல்லி முடித்தபோது, "இவ்வளவும் என் மண்டைக்குள்ளயா இருந்துச்சு?" என்றார்.

கடைசியாக அவர்கள் சொன்னது பழக்கப்படுத்தும் நாட்கள். பெற்றோர் இறந்த துக்கமும் புது வீடும் ஒரே நாளில் அவனுக்கு நேரக் கூடாது. ஆகவே இப்போதிலிருந்தே என் வீட்டில் சில நாட்கள் தங்கிப் பழக வேண்டும் என்றார்கள். முதல் முறை இரண்டு நாள் என்று அழைத்து வந்தேன். பித்தளை டம்ளரை எடுத்து வர மறந்துவிட்டேன். எவர்சில்வர் டம்ளரைத் தொடவே இல்லை. அன்று மாலையே என் கணவர் பாபநாசம் போய் டம்ளரோடு திரும்பினார். இரண்டாம் முறை ஐந்து நாள். தஞ்சாவூரில் மாடு இல்லை, வெற்றிலை இல்லை. மூன்றாம் நாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மையாரிடம் கேட்டதில், காலைச் சந்தையில் வெற்றிலைக் கடைக்காரர் ஒருவரிடம் பேசிப் பார்க்கச் சொன்னார். பேசியிருக்கிறேன், காலையில் இரண்டு மணி நேரம், கவுளிக்குக் கூலி, கடைக்காரரின் மனைவி கூடவே இருப்பார். வரும் தையில் பத்து நாள் அழைத்து வருவதாக இருக்கிறோம். டம்ளர் இரண்டு வாங்கி ஒன்றை இங்கேயே வைத்தாயிற்று. அப்பாவின் நீளக் கணக்கு நோட்டில் வரவுப் பக்கத்தில், ஓய்வூதியத்துக்கும் உதவித்தொகைக்கும் கீழே, வாரந்தோறும் தம்பியின் கூலி ஏறிக்கொண்டிருக்கிறது.